மழையில் பிரியாத ஒட்டு

என்னை எல்லோரும் வில்லம்மா என்று அழைப்பார்கள். வயது நாற்பத்து நான்கு. மர வில் செய்வது தொழில். ஆற்றுக்குப் போகும் தெருவில், சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் என் பட்டறை இருக்கிறது. வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில். வீட்டில் நானும் என் கணவரும் அவருடைய தங்கையான என் நாத்தனாரும் இருக்கிறோம். என் கணவர் ஆற்றுக்குள் இருக்கும் குடிநீர் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். நாத்தனார் முன்பு படகுப் பட்டறையில் வேலை பார்த்தவர், இப்போது என்னோடு வில் வேலை செய்கிறார். என் பட்டறையின் பூட்டை உடைத்து ஒரு வில்லை எடுத்துப் போனதாக வந்த புகாரில் என்னை விசாரிப்பதால், நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

ஆற்றங்கரை மைதானத்தில் வில் பழகும் மன்றம் ஒன்று இருக்கிறது. அதன் பயிற்சியாளர் எப்போதும் கழுத்தில் விசில் மாட்டியிருப்பதால் அவரை விசில் மாஸ்டர் என்பார்கள். மழைக்காலம் தொடங்கும் முன் அவர் என் பட்டறைக்கு வந்து, மன்றத்துக்குப் புதிய வில்கள் வேண்டும் என்றும், முதலில் ஒன்று செய்து கொடுத்தால் தானே இழுத்துப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்வதாகவும் கூறினார். போகும்போது, "எங்க பிள்ளைங்க வில்லைப் புல்லுலயே போட்டுட்டுப் போயிடும்மா. காலைல பார்த்தா பனியில நனைஞ்சு கிடக்கும். அதையும் மனசுல வச்சுக்கிட்டு செய்யுங்க" என்று சொன்னார். அவர் சொன்ன இந்த ஒரு வார்த்தையால்தான் எங்கள் பட்டறையில் பசையைப் பற்றிய பேச்சு ஆரம்பித்தது.

பசை எதற்கு இதில் வருகிறது என்று காவல் ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். நான் செய்யும் வில் ஒரே கட்டையில் செதுக்குவது அல்ல. பட்டையாக அறுத்த மெல்லிய மரத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, நடுவில் பிடிக்கட்டையை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கிச் செய்வது. நாணை இழுக்கும்போது வில்லின் வெளிப்பக்கமான முதுகுப் பட்டை நீளப் பார்க்கும், இழுப்பவர் பக்கமான வயிற்றுப் பட்டை சுருங்கப் பார்க்கும். இரண்டும் வழுக்கி விலகாமல் பிடித்துக்கொண்டிருப்பது நடுவில் இருக்கும் பசை மட்டுமே. ஒட்டு விட்டால் வில் வெடித்தது போல உடையும். இழுப்பவர் முகம் அந்த நேரத்தில் வில்லுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

நான் பழகியது வஜ்ஜிரம். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, சூடு ஆறுவதற்குள் பூசி இறுக்க வேண்டும். காய்ந்த பிறகு மரத்தோடு மரமாகிவிடும். தப்பாக ஒட்டினால் சூடு காட்டிப் பிரித்து மறுபடி ஒட்டலாம், அதுவும் ஒரு வசதி. அது காயும் நாட்களில் வரும் வாடையைப் பற்றி என் கணவர், "நம்ம வீட்ல ரெண்டு அடுப்பு எரியுது, ஒண்ணுல சோறு, ஒண்ணுல மாடு" என்று சொல்வார். ஆனால் ஒரு நாளும் அதை நிறுத்தச் சொன்னதில்லை.

என் நாத்தனார் படகுப் பட்டறையில் பழகியது எபாக்ஸி. அதை அவர் இரண்டு டப்பாப் பசை என்பார். ஒரு டப்பாவில் பசை, இன்னொன்றில் அதைக் கெட்டியாக்கும் மருந்து, அளவாகக் கலந்து பூச வேண்டும். விசில் மாஸ்டர் போன அன்றே அவர், "அண்ணி, பனியில கிடக்கப் போற வில்லுக்கு வஜ்ஜிரமா? ரெண்டு நாள் ஈரத்துல தூங்கினா அது மறுபடியும் சூப்பாயிடும்" என்றார். நான், "உன் டப்பாப் பசை படகை ஒட்டும். படகு வளையுமா? வில் வளையணும்" என்றேன். "படகு வளையாதுன்னு யார் சொன்னா? அலையில வந்து நின்னு பாருங்க, உங்க இடுப்பு வளையறதுக்கு முன்னாடி அது வளையும்" என்றார். இப்படி இரண்டு நாள் போனது. மூன்றாவதாக, கடையில் விற்கும் வெள்ளைப் பசையை வைத்தால் என்ன என்று என் கணவர் கேட்டார். அதில் நானும் நாத்தனாரும் ஒரே கட்சி. அது நாற்காலிக்கு நல்லது. எப்போதும் வளைந்த நிலையில் நிற்கும் பொருளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் அதை விட்டோம்.

அதன் பிறகு, பேசித் தீராது, செய்தே பார்ப்போம் என்று முடிவு செய்து, ஒரே பலகையிலிருந்து அறுத்த துண்டுகளில் பாதியை வஜ்ஜிரத்திலும் பாதியை எபாக்ஸியிலும் ஒட்டினோம். நன்றாகக் காய்ந்த பின் வைஸ் என்ற இரும்புப் பிடியில் மாட்டி முறுக்கியபோது இரண்டுமே ஒட்டில் விடவில்லை, மரம்தான் கிழிந்தது. என் நாத்தனார், "சரி அண்ணி, காய்ஞ்ச இடத்துல உங்க ஆளு கெட்டிதான்" என்று ஒப்புக்கொண்டார். மிச்சத் துண்டுகளை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டோம். மறுநாள் எடுத்தபோது வஜ்ஜிரத் துண்டு புத்தகம் திறப்பது போலக் கையோடு திறந்துகொண்டது. எபாக்ஸித் துண்டை நான் காலால் மிதித்து இழுத்தேன். மரத்தின் நார்தான் பிய்ந்து வந்தது, ஒட்டு அப்படியே இருந்தது. ஆனாலும் ஒரு துண்டு வேறு, வில் வேறு. ஆயிரம் தடவை வளையும் பொருளில் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆகவே ஒரே அளவில், ஒரே மரத்தில் இரண்டு வில்கள் செய்வது, ஒன்றில் என் பசை, ஒன்றில் அவர் பசை, இரண்டையும் இழுத்துப் பார்த்த பிறகே மாஸ்டருக்கு எது என்று சொல்வது என்று பேசிக்கொண்டோம்.

எபாக்ஸியில் ஒட்டும்போது நான் வழக்கம்போல கிளாம்பை முழு பலத்தோடு இறுக்கப் போனேன். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, கழுத்தை நெரிக்காதீங்க. எல்லாப் பசையும் வெளிய வந்துட்டா உள்ள ஒட்டறதுக்கு என்ன இருக்கும்?" என்றார். வஜ்ஜிரத்துக்கு இறுக்கம் வேண்டும், இதற்கு அணைப்பு போதும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். பட்டைகளின் வழவழப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, கை எண்ணெய் படாமல் துடைத்து, பிறகே பூச வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

இரண்டு வில்லும் ஒட்டி, இழைத்து, நாண் மாட்டிப் பாதி இழுப்பு வரை வளைவு பார்த்தாயிற்று. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குளிர்ந்த ஈரக்காற்றில் எபாக்ஸி முழுதாக இறுக நாளாகும் என்பதால் முழு இழுப்பு இழுக்கவில்லை. விசில் மாஸ்டர் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். "இன்னுமா காயல? கல்யாணப் பொண்ணு கூட இவ்வளவு நேரம் எடுக்க மாட்டா" என்பார். நான், "அவசரப்பட்டா உங்க மூக்குதான் போகும் மாஸ்டர்" என்று திருப்பி அனுப்புவேன். என் நாத்தனார் ஒரு நீளமான பலகைப் பெட்டிக்குள் குண்டு பல்புகளை எரியவிட்டு, எபாக்ஸி வில்லை அதற்குள் வைத்துச் சூடு காட்டினார். கரண்ட் வீணாகிறது என்று நான் முணுமுணுத்தேன். அவர் காதில் வாங்கவில்லை.

சம்பவ தினத்தன்று காலையில் நாத்தனார் அந்த வில்லைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுவரில் இருந்த கொக்கியில் மாட்டிவிட்டு, ஈரத்தில் நலுங்கக் கூடாது என்று என் வஜ்ஜிர வில்லைப் பல்பு அணைத்த பெட்டிக்குள் வைத்து மூடினார். அதன் பிறகு நாங்கள் இருவரும் பட்டறையைப் பூட்டிவிட்டு, பலகை பார்ப்பதற்காக ஊரின் மறுகோடியில் இருக்கும் மரவாடிக்குப் போனோம். சாவி என்னிடம் இருந்தது. மரவாடியில் இருக்கும்போது மழை வலுத்து, பஸ் ஓடுவது நின்றுவிட்டது. மதியத்துக்கு மேல் என் கணவர் போனில் கூப்பிட்டார். சத்தம் அதிகமாக இருந்தது. "நடைபாலம் போயிடுச்சு. நானும் வாட்ச்மேனும் மொட்டை மாடியில நிக்கிறோம். நீ பயப்படாத. ஆள் வந்துட்டாங்க கரையில" என்று சொன்னார். பம்ப் ஹவுஸையும் கரையையும் இணைப்பது ஒரு இரும்பு நடைபாலம்தான். அது போய்விட்டால் வேறு வழி கிடையாது. நானும் நாத்தனாரும் நடந்தே புறப்பட்டோம். வழியெல்லாம் நான் என் கணவரோடு போனில் பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினோம் என்று கேட்கிறார்கள். பெரிதாக எதுவும் இல்லை. மரவாடியில் நல்ல பலகை கிடைத்ததா என்று கேட்டார், கிடைத்தது என்றேன். பிறகு சார்ஜ் தீர்ந்து அவர் போன் நின்றுவிட்டது. அந்த நேரம் முழுவதும் விசில் மாஸ்டர் சாவி கேட்டு எனக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் என்பதும், என் லைன் பிஸியாகவே இருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ஆற்றங்கரைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது தீயணைப்பு வீரர்கள் நின்றிருந்தார்கள். நடைபாலத்தின் ஒரு துண்டு மட்டும் கரையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் கயிற்றைச் சுருட்டி வீசிப் பார்த்திருக்கிறார்கள், பாதி தூரம்கூடப் போகவில்லை. படகு இறக்கினால் கயிற்றுப் பிடிமானம் இல்லாமல் இழுத்துக்கொண்டு போய்விடும் என்றார்கள். பம்ப் ஹவுஸ் மாடியில் என் கணவரும் வாட்ச்மேனும் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் கணவர் நீலச் சட்டை போட்டிருந்தார். நான் கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார்.

அப்போது விசில் மாஸ்டர் கரை ஓரத்துச் சுவர்மேல் ஏறி நின்று ஒரு வில்லில் நாண் மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பக்கெட்டில், நாண் முறுக்க நான் வைத்திருக்கும் நைலான் நூல் சிக்கில்லாமல் தளர்வாகப் போட்டிருந்தது. அம்பின் பின்பக்கம் நூலின் நுனி கட்டியிருந்தது. வில்லுக்குப் பிடித்தோல் இல்லை, மெருகு இல்லை. பார்த்தவுடன் என்னுடையது என்று தெரிந்தது. எந்த ஒட்டு என்பது தெரியவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. வஜ்ஜிரம் பூசிய வில் மேல்பூச்சு இல்லாமல் அந்த மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் சத்தம் போட்டு, "மாஸ்டர், இழுக்காதீங்க! இழுக்காதீங்க!" என்று ஓடினேன்.

அவர் என்னைப் பார்த்து, "பூட்டை உடைச்சுட்டேம்மா. மன்றத்து வில்லு எதுவும் அவ்வளவு தூரம் எட்டாது. திட்டறதா இருந்தா அப்புறம் திட்டுங்க" என்றார். நான் வில்லைக் கையில் வாங்கி ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். வஜ்ஜிரமாக இருந்தால் பட்டைகளுக்கு நடுவில் பழுப்புக் கோடு தெரியும். இதில் கோடு கண்ணாடி போல இருந்தது. என் நாத்தனார் பின்னாலேயே வந்து, "என்னோடதுதான் அண்ணி. காலையில நான்தான் வெளிய மாட்டினேன்" என்றார். பிடிக்கட்டையின் ஓரத்தில் வழிந்து இறுகிய பசைத் துளி ஒன்று அரத்தில் தேய்க்காமல் விட்டிருந்தது. அதில் நகத்தை வைத்து அழுத்தினேன். பசை சரியாக இறுகாமல் இருந்தால் நகம் பதியும். பதியவில்லை. நகம்தான் மடங்கியது. நாத்தனாரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

விசில் மாஸ்டர், "என்னம்மா, நிக்குமா?" என்று கேட்டார். "முழு இழுப்பு இன்னும் யாரும் இழுக்கல மாஸ்டர். ஒட்டு நிக்கும்னு நினைக்கிறேன். நிக்காட்டி உங்க முகம்…" என்று சொல்லி நிறுத்தினேன். அவர், "இந்த முகத்தை வச்சு இதுவரைக்கும் நான் என்ன சாதிச்சேன்? கொடுங்க" என்று வாங்கிக்கொண்டார். தீயணைப்பு வீரர் ஒருவர் தன் தலைக்கவசத்தைக் கழற்றி அவருக்கு மாட்டி, முகத்துக்கு முன்னால் இருந்த கண்ணாடியை இறக்கிவிட்டார்.

முதல் அம்பைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய் ஆற்றில் விழச் செய்தது. நூலை இழுத்து எடுத்து மறுபடி பக்கெட்டில் போட்டோம். நானும் நாத்தனாரும் மண்டியிட்டு அதைச் செய்தோம். அடுத்த அம்பு தொட்டியில் பட்டுத் தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. அதன் பிறகு அவர் இன்னும் மேலே பார்த்து, நாணைத் தாடை எலும்பு வரை இழுத்தார். வில்லிலிருந்து ஒரு முனகல் சத்தம் வந்தது. மரம் புதிதாக முழு வளைவு வளையும்போது அப்படி வரும். ஒட்டு விடும் சத்தம் வேறு மாதிரி இருக்கும், இருந்தாலும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அம்பு மாடியைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்திருந்தது, நூல் மாடியின் குறுக்கே கிடந்தது. என் கணவர் அதன்மேல் பாய்ந்து விழுந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் சத்தம் போட்டார்கள். விசில் மாஸ்டர் வில்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு நூலில் மெல்லிய கயிற்றைக் கட்டினார்கள், அந்தக் கயிற்றில் பெரிய கயிற்றைக் கட்டினார்கள், என் கணவரும் வாட்ச்மேனும் அதை இழுத்து தொட்டியின் இரும்புக் காலில் கட்டினார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் கயிற்றில் தொங்கியபடி போய் முதலில் வாட்ச்மேனையும் பிறகு என் கணவரையும் அழைத்து வந்தார். வாட்ச்மேன் வயதானவர், கரையில் கால் வைத்ததும் விசில் மாஸ்டரைத் தேடிப் போய், அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். எல்லோரும் கரையேறிக் கொஞ்ச நேரத்தில் பம்ப் ஹவுஸின் ஒரு பக்கச் சுவர் சரிந்து, மாடி ஒருபுறமாகச் சாய்ந்து, தொட்டி ஆற்றோடு போனதை எல்லோரும் பார்த்தோம். என் கணவர் என்னிடம் முதலில் சொன்னது, "வாடை வராத பசையா அது?" என்பதுதான். நாத்தனார் அண்ணனின் முதுகில் ஒரு அடி போட்டுவிட்டு அழ ஆரம்பித்தார்.

புகார் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரரைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்கிறேன். மழையில் கடைகளை உடைக்கிறார்களோ என்று பயந்து, என் பொருளைக் காப்பாற்றத்தான் அவர் நிலையத்துக்குப் போன் செய்தார். நாங்கள் திரும்பி வரும் வரை திறந்து கிடந்த என் பட்டறை வாசலில் அவர் ஒரு ஸ்டூலைப் போட்டுக் குடை பிடித்துக் காவல் இருந்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் கிடையாது, நன்றிதான். விசில் மாஸ்டர் மறுநாள் தானாகவே நிலையத்துக்கு வந்து பூட்டை உடைத்தது தான்தான் என்று சொல்லியிருக்கிறார். உடைத்தது உண்மை. நான் அங்கே இருந்திருந்தால் நானே கொட்டாப்புளிச் சுத்தியலால் அடித்து உடைத்திருப்பேன். சாவியைத் துழாவி எடுக்கும் நேரம்கூட எனக்குப் பொறுத்திருக்காது.

என்ன திருடு போனது என்று கேட்டதற்கு, எதுவும் திருடு போகவில்லை என்று சொல்கிறேன். அந்த வில் அவர் செய்யச் சொன்ன வில். செய்தவர்கள் கொடுப்பதற்கு முன்பே வந்து வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அதைத் திரும்ப எனக்குக் கொடுக்க வேண்டாம், அவரிடமே கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்போது அது நிலையத்தில் அலமாரிமேல் நாண் மாட்டியபடியே இருக்கிறது. அப்படி வைத்திருந்தால் வளைவு தங்கிவிடும். நாணை மட்டும் கழற்றிவிட அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள், கழற்றிவிட்டேன். கழற்றும்போது ஒட்டை விளிம்பு முழுவதும் விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு மயிரிழை கூடத் திறக்கவில்லை. மன்றத்து வில்கள் எல்லாவற்றுக்கும் எபாக்ஸிதான் என்று நானும் நாத்தனாரும் முடிவு செய்துவிட்டோம். வஜ்ஜிரத்தை நான் விடவில்லை. அது வீட்டுக்குள் இருக்கும் வில்லுக்கு.

தீயணைப்பு வீரர்களுக்கும், விசில் மாஸ்டருக்கும், என் நாத்தனாருக்கும் நன்றி என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த காவலர், "இதெல்லாம் வாக்குமூலத்துல வராதும்மா" என்றார். ஆய்வாளர், "பரவால்ல, எழுதுங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள். அதற்காக ஆய்வாளருக்கும் நன்றி.

இந்தச் சம்பவத்தில் யார்மேலும் எனக்குப் புகார் இல்லை. இதில் எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை, யாரும் சொல்லச் சொல்லி நான் சொல்லவில்லை. வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டார்கள். வெளியே பெஞ்சில் என் கணவர் உட்கார்ந்திருக்கிறார். நூலும் கயிறும் அறுத்ததில் இரண்டு உள்ளங்கையிலும் கட்டுப் போட்டிருக்கிறது, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவும் இன்னொரு கை வேண்டும். அதனால் வேறு எதுவும் இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன்.

(ஒப்பம்)
வில்லம்மா